லபாடி தெரு 4600: ஒரு வீட்டின் வில்லங்கம்

போன மாதம் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தி, வகுப்பு முடிந்தும் கிளம்பாமல் நின்றாள். இந்த வருடம்தான் முதுகலை முடித்தாள். வேலை கிடைத்துவிட்டது. விடுதியைக் காலி செய்ய வேண்டும், வெளியே வீடு பார்க்க வேண்டும்.

“அக்கா, வீடு என் பேர்ல பேசட்டுமா, கூடத் தங்கப்போற ஃப்ரெண்டு பேர்ல பேசட்டுமா? அவ பேர்ல பேசினா பிரச்சினை வராதுன்னு புரோக்கர் சொல்றாரு.”

என்ன பிரச்சினை என்று புரோக்கரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று பேருக்குமே தெரியும்.

“யோசிச்சுச் சொல்றேன்மா” என்றேன். வகுப்பில் சட்டம், உரிமை என்று ஒன்றரை மணி நேரம் பேசியவளுக்கு இந்த ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவள் வயதில் நானும் இதே கேள்வி முன்னால் நின்றேன். அப்போது நான் எடுத்த முடிவு எனக்கு இன்றுவரை சமாதானமாக இல்லை. அன்றிரவு நான் யோசித்தது முழுக்க ஒரு பழைய வீட்டைப் பற்றித்தான். சமூகவியல் முதுகலை படித்தபோது ஒரு தீர்ப்பின் வழியாக எனக்கு அறிமுகமான வீடு அது. அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

*

நம் ஊரில் யாராவது வீடோ மனையோ வாங்கப் போனால், பெரியவர்கள் முதலில் கேட்பது, “வில்லங்கம் போட்டுப் பார்த்தியா?” சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டால், அந்தச் சொத்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எங்கே அடமானத்தில் இருந்தது என்று வரிசையாக வந்துவிடும். வேலை நிமித்தமாக நான் நிறைய வில்லங்கச் சான்றுகளைப் பார்த்திருக்கிறேன். பொறுமையாகப் படித்தால் அது ஒரு ஊரின் வரலாறு.

நான் சொல்லும் வீடு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தில், லபாடி அவென்யூவில் 4600ஆம் எண்ணில் இருக்கிறது. 1906இல் கட்டப்பட்டது. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் இருக்கும்படியான செங்கல் கட்டடம். அந்த நகரத்தில் இதுபோல ஆயிரக்கணக்கான வீடுகள் உண்டு. பார்த்ததும் நின்று படம் எடுக்கத் தோன்றும் வீடு இல்லை அது. அதன் சிறப்பெல்லாம் அதன் பத்திரத்தில்தான் இருக்கிறது.

1911 பிப்ரவரி 16. வீடு கட்டி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. டெய்லர் அவென்யூவுக்கும் கோரா அவென்யூவுக்கும் இடைப்பட்ட லபாடி அவென்யூவின் இரு பக்கமும் சொத்து வைத்திருந்த 39 பேரில் 30 பேர் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 57 மனைகள். கையெழுத்துப் போட்டவர்களிடம் இருந்தவை 47. அந்த 47இல் ஒன்று இந்த வீடு. அடுத்த 50 வருடங்களுக்கு வெள்ளையர் அல்லாத எவரும் இந்தச் சொத்துகளில் உரிமையாளராகவோ வாடகைக்கோ குடியிருக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் சாரம். கறுப்பினத்தவரையும் ‘மங்கோலிய’ இனத்தவரையும் தனியாகவே குறிப்பிட்டிருந்தார்கள்.

இதை ஏதோ நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சாக நினைத்துவிட வேண்டாம். முறைப்படி பதிவு செய்யப்பட்ட ஆவணம் இது. வீடு கை மாறும்போதெல்லாம் ஒப்பந்தமும் கூடவே போகும். 1911இல் கையெழுத்துப் போட்டவர் செத்துப் போயிருக்கலாம், வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்கே போயிருக்கலாம். அவருடைய வெறுப்பு மட்டும் வீட்டோடு தங்கியிருக்கும்; அடுத்து வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். மனைக்கு வழி விடுவது, தண்ணீர் போகக் கால் விடுவது போல, ஒரு இனத்தாரை உள்ளே விடாமல் இருப்பதும் மண்ணோடு ஒட்டிய நிபந்தனை ஆகிவிட்டது.

தீர்ப்பில் வரும் ஒரு தகவலை நான் மறுபடி மறுபடி எடுத்துப் படித்திருக்கிறேன். ஒப்பந்தம் எழுதப்பட்ட அந்த நாளிலேயே, அதே எல்லைக்குள் ஐந்து மனைகள் கறுப்பினத்தவருக்குச் சொந்தமாக இருந்தன. அவற்றில் ஒன்றில் 1882 முதல் கறுப்பினக் குடும்பங்கள் குடியிருந்திருக்கின்றன. 4600ஆம் எண் வீட்டுக்குச் செங்கல் எடுத்து வைப்பதற்கு 24 வருடம் முன்பிருந்தே அவர்கள் அந்தத் தெருக்காரர்கள். பிறகு வந்தவர்கள் ஒன்றுகூடி, ஏற்கெனவே இருந்தவர்களின் சாதிசனம் யாரும் இனி வரக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். ‘ஊர்’ எது, ‘சேரி’ எது என்று யார் எப்போது கோடு போட்டது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை புதிதா என்ன?

*

அந்தத் தெருவில் நடந்ததைச் சீக்கிரத்திலேயே அந்த நகரமும் செய்தது. 1916 பிப்ரவரி 29 அன்று செயின்ட் லூயிஸ் வாக்காளர்கள், வீட்டுவசதியில் இனவாரியாகப் பிரிக்கும் ஒரு நகரச் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அது வென்றது. மறு வருடமே, 1917இல், கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட நகரச் சட்டங்கள் செல்லாது என்று சொல்லிவிட்டது.

சட்டத்தால் முடியாது என்றதும் பத்திரத்துக்குப் போனார்கள். அரசு பிரிக்கக் கூடாது, சரி. தனியாட்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டால் யார் கேட்பது? லபாடி தெருக்காரர்கள் 1911இலேயே கையாண்ட வழி நாடு முழுக்கப் பரவியது. 1930களில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரத் தொடங்கிய மத்திய அரசின் அமைப்பே இப்படிப்பட்ட நிபந்தனைகளை நல்ல அம்சமாகப் பரிந்துரைத்தது.

இந்த ஆண்டுகளில் அண்ணல் எங்கே இருந்தார் என்று ஒரு கணம் பாருங்கள். செயின்ட் லூயிஸ் வாக்களித்த நாளில் அவர் அதே நாட்டில், நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். இரண்டரை மாதம் கழித்து, 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை அங்கே வாசித்தார். 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனபோது தங்குவதற்கு இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித்தான் தங்க முடிந்தது. 11ஆம் நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இவ்வளவு படித்தவர், ஊர் திரும்பிய அந்த மனிதர், ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார். இதை அவரே எழுதியிருக்கிறார். வேறு பெயரில் ஓர் அறை, பெயர் தெரிந்ததும் வெளியேற்றம். இந்த வரிசையில் நாமெல்லாம் பின்னால் வந்தவர்கள்.

*

ஜே.டி. ஷெல்லியும் அவர் மனைவி எத்தலும் மிசிசிப்பி மாநிலத்து ஸ்டார்க்வில் ஊர்க்காரர்கள். ஆறு பிள்ளைகள். தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கிளம்பிய லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் ஒன்று. செயின்ட் லூயிஸில் கறுப்பினத்தவர் குடியிருக்க முடிந்த பகுதிகள் குறைவு, வருகிறவர்களோ அதிகம். இருந்த வீடுகளில் நெருக்கடி. லபாடி அவென்யூவுக்கு அருகில்தான் ‘தி வில்’ என்ற கறுப்பினக் குடியிருப்பு. அவர்களுடைய பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளியும் மருத்துவமனையும் அங்கேதான் இருந்தன. பள்ளிக்கூடம் எட்டும் தூரத்தில், வீடு மட்டும் எட்டாத தூரத்தில்.

1945 ஆகஸ்ட் 11 அன்று 4600ஆம் எண் வீடு ஷெல்லி குடும்பத்தின் பெயருக்கு மாறியது. பத்திரத்தில் விற்றவர் பெயர் ஜோசஃபின் ஃபிட்ஜெரால்ட். ஆனால் வீட்டின் உண்மையான சொந்தக்காரர் பிஷப் என்ற வீட்டுத் தரகர். அவர் சொத்தை ஃபிட்ஜெரால்ட் பெயரில் வைத்திருந்தார். ஷெல்லி குடும்பத்துக்காக வீடு பேசி முடித்தவரும் அவரே. தான்தான் சொந்தக்காரர் என்பதை அவர்களிடம் அவர் சொல்லவில்லை என்று விசாரணை நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. 1911 ஒப்பந்தம் பற்றியும் வாங்கும்போது ஷெல்லி குடும்பத்துக்குத் தெரியாது.

நம் மொழியில் சொன்னால் ஃபிட்ஜெரால்ட் ஒரு பினாமி. வெள்ளைக்காரர் தெருவில் வீடு கறுப்பினத்தவர் கைக்கு மாற வேண்டுமானால் நடுவில் இப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது. வகுப்பில் இதைப் படித்தபோது எல்லாரும் தீர்ப்பின் முக்கியப் பகுதியைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். நான் இந்த அடிக்குறிப்பிலேயே நின்றுவிட்டேன். ஒரு வருடம்கூட ஆகாத என் சொந்தக் கதை இதுதான்.

*

என் முதல் வேலை மதுரையில். உடன் வேலை பார்த்த தோழியும் நானும் சேர்ந்து வீடு தேடினோம். டு-லெட் போர்டு பார்த்துப் போனால் முதலில் வாடகை பேசுவார்கள், அப்புறம் தண்ணீர் வரும் நேரம் பேசுவார்கள், அப்புறம் சொந்த ஊர் கேட்பார்கள். ஊர் பேரைச் சொன்னால், “அங்க எந்தப் பக்கம்?” என்பார்கள். நான் பக்கத்தைச் சொன்னால் வீட்டில் திடீரென்று யாரோ வெளிநாட்டிலிருந்து வரப்போவார்கள், அல்லது நேற்றே யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். ஆறு வீடு அப்படி. ஏழாவது வீட்டுக்கு முன்னால் புரோக்கர்தான் சொன்னார், “மேடம், நீங்க பேசாதீங்க. அவங்களே பேசட்டும்.” தோழி இடைநிலைச் சாதி. அவள் பேசினாள். சாவி வந்தது. பதினோரு மாத ஒப்பந்தம் அவள் பெயரில். வாடகையில் பாதி நான் கொடுத்தேன். அந்தத் தாளில் நான் எங்கேயும் இல்லை.

ஏழு மாதம் நல்லபடியாகப் போனது. வீட்டுக்கார அம்மா கோலம் போடும்போது சிரிப்பார். என்னைப் பற்றி அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார், நான் அதை மாற்றவில்லை. அதுதான் என்னைத் தின்றது. ஃபோனில் அம்மாவிடம் பேசும்போதுகூடச் சன்னலை மூடிக்கொண்டு பேசுவேன், ஏதாவது ஒரு வார்த்தை வெளியே போய்விடுமோ என்று.

எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா வந்து பத்து நாள் தங்கினார். வீட்டுக்கார அம்மா பேச்சுக்கொடுத்தார். உங்க குலசாமி எது, வீடு ஊருக்குள்ளயா தள்ளியா என்று. அம்மாவுக்கு இந்த ஊர் விளையாட்டெல்லாம் தெரியாது. “காலனிதான்மா, பஸ் ஸ்டாப்புக்குக் கிழக்கால” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மறுநாள் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் தோழியைக் கூப்பிட்டு, மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும், ஒரு மாதத்தில் காலி செய்துவிடுங்கள் என்றார்கள். அந்தக் கல்யாணம் நான் மதுரையில் இருந்தவரை நடக்கவில்லை.

புகார் கொடுக்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். என்ன என்று கொடுப்பது? என்னை யாரும் சாதி சொல்லித் திட்டவில்லை. மகனுக்குக் கல்யாணம் என்றுதான் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் என் பெயரே இல்லை. அந்த வீட்டில் நான் ஏழு மாதம் வாழ்ந்தேன் என்பதற்கே என்னிடம் ஆதாரம் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு நான் என் தோழியின் விருந்தாளி.

காலி செய்த அன்று அம்மா சாமான் கட்டிக்கொண்டே கேட்டார், “ஏண்டி, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?” இந்தக் கேள்விக்கு நான் இன்னும் யாரை மன்னிப்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.

*

ஷெல்லி குடும்பத்தை யாரும் கல்யாணம் என்று சொல்லி ஏமாற்றவில்லை. வீடு வாங்கி இரண்டு மாதத்தில், 1945 அக்டோபர் 9 அன்று, அதே ஒப்பந்தத்துக்கு உட்பட்ட சொத்து வைத்திருந்த லூயிஸ் கிரேமர், ஃபெர்ன் கிரேமர் தம்பதியின் பெயரில் வழக்குப் போடப்பட்டது. அந்தப் பகுதி வெள்ளைச் சொத்துக்காரர்களின் சங்கம் பின்னால் நின்றது. கேட்டது இரண்டு: ஷெல்லி குடும்பம் அங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டின் உரிமையை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டும்.

ஷெல்லிகளுக்காக வாதாடியவர் ஜார்ஜ் வான் என்ற கறுப்பின வழக்கறிஞர். விசாரணை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் முழுமையாகும் என்பது போட்டவர்களின் நோக்கம், 39இல் 30 பேர்தான் போட்டார்கள், ஆகவே அது முழுமை பெறவே இல்லை என்றது. 1946 டிசம்பரில் மிசௌரி உச்ச நீதிமன்றம் இதைத் தலைகீழாக மாற்றியது. ஒப்பந்தம் செல்லும், அமல்படுத்து என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது ஷெல்லி குடும்பம் அந்த வீட்டில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது.

வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. டெட்ராய்ட் நகரத்து இதே மாதிரியான வழக்கும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. அதில் வாதாடியவர் தர்குட் மார்ஷல். ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நிபந்தனை உள்ள வீடுகள் அவர்களுக்கே இருந்திருக்கும் என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

1948 மே 3 அன்று மீதி ஆறு பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். தலைமை நீதிபதி வின்சன் எழுதியது. வரலாற்றில் ‘ஷெல்லி எதிர் கிரேமர்’ என்று பெயர்.

இந்தத் தீர்ப்பைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தமே குற்றம் என்று அது சொல்லவில்லை. தனியாட்கள் விரும்பி அதைக் கடைப்பிடித்தால் அரசியல் சட்டம் குறுக்கே வராது என்றது. ஆனால் அதை அமல்படுத்த நீதிமன்றத்துக்கு வந்தால், நீதிமன்றம் உத்தரவு போட்டால், அப்போது அது அரசின் செயல். அரசின் செயல் இனப் பாகுபாடு காட்டக் கூடாது. ஆகவே அந்த உத்தரவு செல்லாது.

அதாவது, ஷெல்லி குடும்பத்தைத் தெருவில் இறக்கக்கூடியது கிரேமர் தம்பதியின் வெறுப்பு மட்டுமல்ல. விற்றவருக்கு விற்க விருப்பம், வாங்கியவருக்கு வாங்க விருப்பம். அந்த இருவருக்கும் நடுவில் வந்து வீட்டைப் பிடுங்க வேண்டுமானால் ஒரு நீதிபதி வேண்டும், அவர் முத்திரை வேண்டும், உத்தரவோடு கதவைத் தட்ட ஆள் வேண்டும். அதைத்தான் தீர்ப்பு நிறுத்தியது. நமக்குப் பாகுபாடு என்றால் மனசு, மனமாற்றம், நல்லெண்ணம் என்றே பேசிப் பழக்கம். மனசு மாறுகிற வரை 4600ஆம் எண் வீடு காத்திருக்கவில்லை.

*

தீர்ப்போடு எல்லாம் சுபம் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்திரங்களில் அந்த வரிகள் அப்படியே இருந்தன. நிபந்தனை உள்ள புதிய சொத்துகளுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாதம் 1950 வரை தொடர்ந்தது. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1968 ஆனது, அதுவும் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு. அதற்குள் வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குப் போகத் தொடங்கிவிட்டன. பணமும் அவர்களோடு போனது. 1950இல் எட்டரை லட்சம் பேர் இருந்த செயின்ட் லூயிஸில் 2020இல் மூன்று லட்சம் பேர். வடக்குப் பகுதியில் வீடுகள் இடிந்து, தெருக்கள் பல்லுப்போன வாயாகக் கிடக்கின்றன. உள்ளே வர உரிமை கிடைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். 4600ஆம் எண் வீடு மட்டும் 1990இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சரி, நம் நாட்டில்? அந்தத் தீர்ப்பு வந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், 1948 நவம்பர் 29 அன்று, நம் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்டது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுத்தால் குற்றம் என்கிறது. இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். வருடத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவுக்கு 13 வருடம் முன்பே நம்மிடம் சட்டம் இருந்திருக்கிறது.

ஆனால் 2005இல், அகமதாபாத்தில் 1926இல் பதிவான ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், தன் சமூகத்தவருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற விதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதியை ஒப்புக்கொண்டு சேர்ந்தவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது வாதம். பார்சிகள் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதே வாதத்தை ஒரு ஆதிக்கச் சாதியின் நகர் நலச் சங்கம் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதே என் பயம். அமெரிக்க நீதிமன்றம் ஒப்பந்தத்துக்குக் கை கொடுக்க மறுத்தது. நம் நீதிமன்றம் கை கொடுத்தது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நம் தெருக்களில் பெரும்பாலும் இப்படி எழுதியே வைப்பதில்லை. லபாடி தெருக்காரர்கள் ஆணவத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்தார்கள். அந்தத் தாளே கடைசியில் அவர்களுக்கு எதிரான ஆதாரம் ஆனது. யார் போட்டார்கள், எத்தனை பேர் போடவில்லை, எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் ஜார்ஜ் வான் நீதிமன்றத்தில் எடுத்து வைக்க முடிந்தது. என்னை வெளியேற்றிய ஒப்பந்தத்துக்குத் தாள் இல்லை. “எந்தப் பக்கம்?” என்ற ஒரு கேள்வியிலும், நடக்காத ஒரு கல்யாணத்திலும் அது இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் இந்த வில்லங்கம் வராது.

*

இப்போது அந்தத் தங்கைக்கு என் பதில்.

ஃபிட்ஜெரால்ட் பெயரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயர் நடுவில் இல்லாமல் ஷெல்லி குடும்பம் அந்த வாசலை மிதித்திருக்குமா தெரியாது. என் தோழியையும் குறை சொல்ல மாட்டேன். அவள் இல்லாமல் எனக்குச் சாவி இல்லை. வீடு இல்லாமல் தெருவில் நின்று கொள்கை பேசு என்று ஒரு பெண்பிள்ளையிடம் நான் சொல்ல முடியாது.

ஆனால் லபாடி தெருவில் அந்தப் பெயர் ஒரு படிக்கட்டு மட்டும்தான். அதைத் தாண்டிப் பத்திரம் ஷெல்லி பெயருக்கு வந்தது. அதனால்தான் வழக்கு அவர்கள் பெயரில் வந்தது, வெற்றியும் அவர்கள் பெயரில் வந்தது. நான் படிக்கட்டிலேயே ஏழு மாதம் குடியிருந்தேன். என் தவறு அதுதான். அம்மா சொன்னதில் எந்தத் தவறும் இல்லை.

ஆகவே தங்கை, தோழி பேசட்டும், பரவாயில்லை. ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். உன் பங்கு வாடகை உன் கணக்கிலிருந்து போகட்டும். மறுத்தால், எந்த வீடு, எந்தத் தேதி, யார், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அன்றிரவே ஒரு நோட்டில் எழுது. புரோக்கர் அனுப்பும் செய்தியை அழிக்காதே. “சைவம் மட்டும்” என்று வரும் விளம்பரத்தைப் படம் எடுத்து வை. உனக்கு இல்லை என்ற அதே வீட்டை மறுநாள் வேறொரு பெயரில் நம் தோழர் ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லி வட்டாரத்தில் இப்படித்தான் பல பெயர்களில் வாடகை வீடு கேட்டு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு எப்படிச் சாத்தப்படுகிறது என்பதை 2015இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அவர்கள் செய்ததை நம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் செய்யலாம்.

அவர்கள் எழுதாமல் வைத்திருக்கும் ஒப்பந்தத்தை நாம்தான் எழுத வேண்டும், தேதி போட்டு.

நேற்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள், “ரெண்டு பேர் போட்டா வீடு தர மாட்டேன்னு சொல்லிட்டா?”

“ஒரு நோட்டு வாங்கிக்கோ” என்றேன். “முதல் பக்கத்துல என் ஏழு வீட்டையும் நான் எழுதித் தர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் வீடு பார்க்கப் போகிறேன்.

ஜெய் பீம்.